அரசுத் தீயணைப்பு நிலையமா, ஆலையின் தீயணைப்புப் பிரிவா?

தீயணைப்புப் பயிற்சியை முடித்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று கேட்கும் தம்பிகள் மதுரை வட்டாரத்தில் பெருகிவருகிறார்கள். நான் நூற்பாலையின் தீயணைப்புப் பிரிவைத் தேர்ந்தெடுத்தவன். என் சாய்வு அந்தப் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணிப் பாதுகாப்பிலும் ஊர் மதிப்பிலும் அரசு வேலைக்கே முதலிடம். அதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வையும் உடல்தகுதித் தேர்வையும் தாண்டியாக வேண்டும். ஆலையில் வேலை விரைவில் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாகத்தான்.

அரசு நிலையத்தின் அன்றாடத்தை நண்பர்கள் வாயிலாகவே அறிவேன். கிணற்றில் விழுந்த மாட்டை மீட்பதிலிருந்து சித்திரைத் திருவிழாக் காவல் வரை அவர்கள் பார்க்கும் பணியின் விரிவு ஆலைக்காரனுக்கு வாய்க்காது. அந்த விரிவுக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது, ஏனெனில் முன்பின் பார்த்திராத கட்டடத்துக்குள் அவர்கள் நுழைய வேண்டியிருக்கிறது. 2020 தீபாவளியின்போது விளக்குத்தூண் பகுதி ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற வீரர்கள் இருவர், கட்டடம் இடிந்து உயிரிழந்ததை மதுரை மறக்காது.

ஆலையை நான் தேர்ந்ததற்குக் காரணமே இதுதான்: இங்கே எரியப்போகும் பொருளையும், அது எரியும் இடத்தையும் முன்னரே அறிந்திருக்கலாம். பஞ்சோடு வந்துவிட்ட ஓர் இரும்புத் துணுக்கு ப்ளோ ரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தமாக்கும் பகுதி) பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டர் உருளையில் உரசினால் பொறி கிளம்பும். பஞ்சைக் கொண்டுசெல்லும் காற்றே அந்தப் பொறியையும் குழாய் வழியாக அடுத்த இயந்திரத்துக்கும் கழிவுப் பஞ்சு அறைக்கும் கொண்டு சேர்த்துவிடும். ஆகவே தண்ணீரைத் திறக்கும் முன் விசிறியை நிறுத்த வேண்டும், அந்தச் சுவிட்ச் எந்தத் தூணில் இருக்கிறது என்பது இருட்டிலும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடோனில் பேல், அதாவது இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி, தீப்பிடித்துக்கொண்டால் சங்கதி வேறு. மேலே நீர் பாய்ச்சியதும் தீ அவிந்தது போலத் தோன்றும், ஆனால் இறுகிய பஞ்சின் நடுவில் அது கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் பேலை வெளியே இழுத்து, கட்டுக்கம்பியை வெட்டி, அடுக்கடுக்காகப் பிரித்து நனைத்து, மற்றச் சரக்கிலிருந்து விலக்கி வைத்து இரவெல்லாம் கண்காணித்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

இந்த அறிவு தீயன்று வருவதில்லை, தீயில்லாத நாட்களின் பராமரிப்பில்தான் வருகிறது. ஹைட்ரன்ட் குழாயில், அதாவது தீயணைப்புக்கென ஆலையில் பதித்த தண்ணீர்க் குழாயில், அழுத்தத்தைக் காக்கும் ஜாக்கி பம்ப், யாரும் தண்ணீர் எடுக்காத வேளையில் அடிக்கடி தானாக ஓடி நின்றால், பெரும்பாலும் மண்ணுக்கடியில் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். டீசல் பம்பை வாரந்தோறும் ஓட்டிப் பார்ப்பதும், ஹோஸைக் காயவைத்துச் சுருட்டுவதும் சலிப்பூட்டும் வேலைகள்தாம். ஆனால் அரசு வண்டி வாசலுக்கு வருவதற்கு முந்தைய நிமிடங்களைத் தாங்குபவை அவையே. வண்டி வந்த பிறகும், எந்த ஷெட்டுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது, எந்த வால்வு திறந்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் ஆலை வீரர்தான்.

நான் சொல்வது பஞ்சாலை அனுபவம். ரசாயன ஆலைக்கும் எரிவாயுக் கிடங்குக்கும் இதை அப்படியே பொருத்திவிட வேண்டாம். அங்கே நுரையும் மூச்சுக் கருவியும் வாயுக் கசிவுப் பயிற்சியும் தனிப் படிப்பாகவே இருக்கின்றன. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின், 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான ஆலைகளுக்கென அவசரகாலத் திட்டம் கட்டாயமாக்கப்பட்டதும் அந்த வேறுபாட்டால்தான்.

ஆலைப் பக்கத்தின் பெருங்குறை, தீயணைப்பு வீரரைக் கேட் காவலுக்கு நிறுத்திவிடும் பழக்கம். அதனால் நேர்காணலுக்குப் போகும் தம்பிகள் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும்: குடோன் அருகே வெல்டிங் நடக்கும்போது அனுமதிச் சீட்டில் கையெழுத்து யாருடையது, வேலையை அங்கேயே நிறுத்தும் அதிகாரம் தீயணைப்புப் பிரிவுக்கு உண்டா? இல்லை என்ற பதில் வந்தால் அந்த ஆலையை விட்டுவிட்டு, தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருப்பதே மேல்.