குடிக்கிறவர் இருக்கும் வீட்டுக்கு இந்த இனிப்புநீர் மெஷின் ஒத்துவருமா?

விரலில் குத்தி ரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்கும் மெஷின் இது, இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள மாமாவுக்காகச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பார்மசியில் வாங்கினோம். ரத்தத்துளியைத் தொட்டு வைக்கும் ஸ்டிரிப் இரண்டு பெட்டி எடுத்தால் மெஷின் இலவசம். பிராண்டைச் சொல்லவில்லை, இந்த விலையில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்த்தது வேறு: இனிப்புநீர் மாத்திரையும் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி பியரும் குடிக்கிறவருக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்பது. நம்மவர்களில் இப்படி எத்தனையோ வீடு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4.

மாமா மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்று இரண்டு இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறார். குடித்தால் சீனி ஏறும் என்றுதான் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள், பியரிலும் கள்ளிலும் மாவுச்சத்தும் இனிப்பும் இருப்பதால் முதலில் ஏறலாம்தான். வில்லங்கம் அப்புறம்தான். வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் கல்லீரல்தான் சீனி செய்து ரத்தத்துக்கு விடும், மது உள்ளே போனால் அந்த வேலை தடைபடும், கிளிக்லசைடோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் கணையத்தைச் சீனியை இறக்கும் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். சோறு வேண்டாம் என்று கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பருப்பு) கொறித்துவிட்டுப் படுத்தால் நடுச்சாமத்திலோ மறுநாள் காலையிலோ சீனி விழுந்துவிடும். வியர்வை, உளறல், தள்ளாட்டம் எல்லாம் போதையிலும் வரும், சீனி இறங்கினாலும் வரும். பக்கத்தில் படுத்திருக்கிற அத்தை ‘குடிச்சிட்டுக் கிடக்கிறாரு’ என்று திரும்பிப் படுத்துக்கொண்டால் யாரைக் குறை சொல்ல?

அதனால் இந்த மெஷினுக்கு என் பரீட்சை, ராத்திரி மூன்று மணிக்கு அத்தை தனியாக இதைப் பயன்படுத்த முடியுமா என்பதுதான். முடிகிறது. எண் பெரிதாகத் தெரிகிறது, ரத்தம் துளியூண்டு போதும், சில விநாடியில் பதில். ஆனால் திரையில் வெளிச்சம் இல்லை. அறை விளக்கைப் போட்டால் மாமா எழுந்து சண்டை பிடிக்கிறார், கைவிளக்கு வைத்துக்கொண்டு ஒரு கையால் குத்துவது லேசான வேலை இல்லை. கடிகாரத்தைச் சரியாக வைத்தால் எந்த நேரத்தில் எடுத்த அளவு என்று பதிவாகும், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கிளினிக் டாக்டரிடம் வெறும் காலை அளவுகளை மட்டும் காட்டினால் ராத்திரி நடந்தது யாருக்கும் தெரியாது.

துல்லியம் பற்றி ஒன்று. இந்த மாதிரி மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரப்படி, சீனி லிட்டருக்கு 5.55 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும்போது 0.83 வரை கூடக் குறையக் காட்டலாம். மெஷினில் 4.2 என்றால் உண்மையில் 3.4 ஆகவும் இருக்கலாம். எனவே 4க்குக் கீழே போனால்தானே சீனி குறைவு, இது மேல்தானே என்று விட்டுவிடாதீர்கள், ஆள் வியர்த்துக் குழம்பிப் பேசினால் இனிப்பு கொடுங்கள்: 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐக் கூப்பிடுங்கள். விரலைக் கழுவித் துடைத்த பிறகுதான் குத்த வேண்டும், கையில் ஒட்டிய பழச்சாறு, கோலாகூட அளவை ஏற்றிக் காட்டும்.

மெட்ஃபார்மினோடு அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்தும் உண்டு. அதை இந்த மெஷின் காட்டாது. கால் மரத்துப் போவதையும் காட்டாது, இனிப்புநீரும் குடியும் இரண்டுமே நரம்பைத் தின்னும் என்பதால் மாமாவின் பாதத்தை அத்தை தனியாகப் பார்த்துக்கொள்கிறார்.

ஸ்டிரிப் விலைதான் கடுப்பு. மெஷின் இலவசம் என்பது சும்மா, மாதாமாதம் ஸ்டிரிப்பில் வாங்கிவிடுகிறார்கள். ‘இந்தக் காசுக்கு ரெண்டு பியர் வருமே’ என்கிறார் மாமா, அத்தை பதில் சொல்வதில்லை, டப்பாவை எடுத்து வைத்துக்கொள்கிறார். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள், எங்களுக்குக் கொடுத்த இரண்டாவது பெட்டிக்கு அதிக நாள் இல்லை. மூடியை இறுக்கி வையுங்கள், நம் ஊர் ஈரக்காற்று ஸ்டிரிப்பைக் கெடுத்துவிடும்.

ஐந்துக்கு நான்கு. திரையில் ஒரு விளக்கு வைத்திருந்தால் ஐந்தே கொடுத்திருப்பேன்.