காய்ச்சல் நேரத்தில் அக்கு-செக் இன்ஸ்டன்ட்

சாதாரண நாளில் எந்த குளுக்கோமீட்டரும் (வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி) போதும். வீட்டில் சர்க்கரை உள்ளவருக்கு வைரஸ் காய்ச்சல் வரும்போதுதான் நல்ல மீட்டரின் அருமை தெரியும். அதை வைத்தே எங்கள் வீட்டு மீட்டரான அக்கு-செக் இன்ஸ்டன்ட் பற்றி எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பல வருடமாக சர்க்கரை. போன மழைக்காலத்தில் ஃப்ளூ வந்து, இருமலும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார். அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. "சாப்பிடவே இல்லையே, சுகர் எங்கேடி ஏறப்போகுது? மாத்திரை வேண்டாம்" என்றார். விரலைக் குத்திப் பார்த்தால் 286.

கிருமியோடு போராடும் உடம்பு கார்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும். உடனே கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறுவது இதனால்தான். அப்படி ஏறிய சர்க்கரை வெள்ளை அணுக்களை மந்தமாக்கும், சளி நிமோனியா வரை போகும் ஆபத்தும் கூடும். கொரோனா சமயத்தில் சர்க்கரை நோயாளிகள் அவ்வளவு அவதிப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்டருக்கு வருகிறேன். 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், நாலு நொடிக்குள் எண் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது திரையோரத்தில் இருக்கும் கலர் பட்டை. குறைவா, சரியா, அதிகமா என்று அம்பு காட்டிவிடும். அம்மா கண்ணாடி போடாமலே "அதிகத்துலதான் நிக்குது" என்று சொல்லிவிடுவார். திரையில் வெளிச்சம் இருப்பதால் ராத்திரியில் லைட் போட்டு எழுப்ப வேண்டியதில்லை.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, நோட்டில் எழுதி, டாக்டருக்கு ஃபோனில் வாசித்தேன். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடும்வரை நிறுத்தச் சொன்னார். சாப்பாடு இல்லாதபோது அது கீட்டோனை (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) கூட்டிவிடுமாம். மற்ற மாத்திரைகளைத் தொடரச் சொன்னார். உங்கள் வீட்டில் எதை நிறுத்துவது என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த மீட்டர் கீட்டோனைக் காட்டாது. சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப்பை மெடிக்கல் ஷாப்பில் தனியாக வாங்க வேண்டும். அப்புறம், ஆரஞ்சு உரித்த கையோடு குத்தினால் எந்த மீட்டரும் கூட்டித்தான் காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

மீட்டரை விட, ரத்தம் தொட்டுப் பார்க்கும் அதன் ஸ்ட்ரிப்தான் செலவு, காய்ச்சல் வாரத்தில் டப்பா மளமளவென்று காலியாகிவிடும். மழைக்கு முன்பே காலாவதி தேதி பார்த்து ஒரு டப்பா கூடுதலாக வாங்கி வையுங்கள். அப்படியே வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.