சேவை உரிமைச் சட்டம்: தமிழ்நாட்டுக்கு எந்த மாநிலத்தின் வழி பொருந்தும்?

சான்றிதழ் தாமதமானால் அதிகாரிக்கு அபராதம் என்று இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது மத்தியப் பிரதேசம், 2010இல். நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 5,000. அதை விண்ணப்பதாரருக்கே இழப்பீடாகக் கொடுக்கவும் இடமுண்டு. ஆனால் அபராதம் தானாக விழாது. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகாவிட்டால் 60 நாளுக்குள் இரண்டாவது என்று மனு கொடுத்தவர்தான் படியேற வேண்டும். அடுத்த மாதம் பட்டாவுக்கும் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றிருப்பவர் எப்படிப் புகார் எழுதுவார்?

2012 ஏப்ரலில் மாநிலம் முழுக்க வந்த கர்நாடகத்தின் ‘சகாலா’ சேவை உத்தரவாதத் திட்டத்தில் தொகை சிறியது: நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. அதன் பலம், விண்ணப்பத்தை வாங்கியவுடன் தரும் 15 இலக்க எண்ணில் இருக்கிறது. கெடு அந்த எண்ணிலிருந்துதான் ஓடும். எண் தராமல் தாளை மேசையில் வைத்துக்கொண்டால் கெடு தொடங்கவே தொடங்காது. அதனால் எண் கையில் வராமல் கவுன்டரை விட்டு நகரக் கூடாது.

ஹரியானாவின் சட்டம் 2014இல் வந்தது. அதற்கு உயிர் வந்தது 2021இல். கெடு தாண்டினால் மென்பொருளே மேல்முறையீட்டைப் பதிவு செய்து மேலதிகாரிக்கு அனுப்பும், பிறகு அடுத்தவருக்கு, கடைசியில் சேவை உரிமை ஆணையத்துக்கு. ஆணையம் 20,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அபராதத் தொகையைவிட இந்த ஒரு ஏற்பாடுதான் பெரிது என்பது எங்கள் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டில் இ-சேவை மையம் இருக்கிறது, 60 ரூபாய் கட்டணத்தில் வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கலாம். கோப்பு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று நகர்வதும் தெரியும். நின்றுபோனால் கேட்பதற்குச் சட்டம்தான் இல்லை. ஹரியானா வழியை எடுத்தால் பலன் உண்டு, ஓர் ஓட்டையை அடைத்துக்கொண்டால். கெடுவுக்கு முந்தைய நாள் ‘ஆவணம் போதவில்லை’ என்று நிராகரித்துவிட்டால், கணினிக் கணக்கில் அது முடிந்த கோப்பு. ஆகவே எந்த ஆவணம் குறைகிறது என்பதை முதல் சில நாட்களுக்குள் ஒரே தடவையில் சொல்லியாக வேண்டும். நிராகரிப்பும் தானாக மேலே போக வேண்டும்.

நிலத்தைப் பிரித்துத் தனியாக வாங்கும் உட்பிரிவுப் பட்டா வேறு விஷயம். சர்வேயர் நேரில் வந்து அளக்காமல் அது நகராது. ஒரே சர்வேயர் பல கிராமங்களைப் பார்க்கும் இடத்தில் அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்து பயனில்லை. காலியிடத்தை நிரப்பிவிட்டுத்தான் கெடு வைக்க வேண்டும்.