பழைய லாரியைப் படமெடுக்க எங்கே போவது? நெடுஞ்சாலை, பட்டறை ஊர், கல்குவாரி, மரக்கிடங்கு: ஓர் ஒப்பீடு

பழைய லாரிகளைத் தேடிப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது நான்குவழிச் சாலையின் ஓரத்தில். லாரி அங்கேதானே ஓடுகிறது என்று தோன்றும். ஆனால் காலை முழுக்க நின்றாலும் கேமராவில் ஏறுவது புதுப் புது மல்டி ஆக்சில் (இரண்டுக்கு மேற்பட்ட அச்சுள்ள) வண்டிகள்தான். என்ஜின் முன்னால் மூக்குபோல் நீட்டிய முப்பது வயதான மூக்கு டாடாவோ பழைய லேலண்டு காமெட்டோ கண்ணில் படுவது அபூர்வம்.

காரணம் பெர்மிட்டில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நேஷனல் பெர்மிட் (மாநிலங்களைத் தாண்டிச் சரக்கு ஓட்டும் அனுமதி) 12 வயது வரையான வண்டிக்குத்தான். மல்டி ஆக்சில் என்றால் 15. அந்த வயதைத் தாண்டிய லாரி வெளிமாநில ஓட்டத்தை விட்டுவிட்டு ஜல்லி, மரம், செங்கல், தண்ணீர், உப்பு என்று உள்ளூர் வேலைக்கு இறங்கிவிடும். ஆகவே பழைய வண்டி வேண்டுமென்றால் சாலையைத் தேடக் கூடாது, அந்த வேலைகளைத் தேட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது தமிழ்நாட்டிலும் எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் நான்கு வகை இடங்கள் போட்டிக்கு வருகின்றன. நான்கும் ஒரே தரமல்ல.

நெடுஞ்சாலை ஓரம்

ஓடும் லாரியின் படம் வேண்டுமென்றால் மட்டும் இங்கே போகலாம். வயதுக்காகப் போனால் ஏமாற்றம்தான்.

சேலம், நாமக்கல், கரூர் வழியே என்.எச். 44 ஏறத்தாழ வடக்குத் தெற்காகப் போகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், தெற்கே போகிற வண்டிகள் சாலையின் கிழக்குப் பாதியில் வரும். காலையில் கிழக்கு ஓரத்தில் நின்றால் அவற்றின் இடப்பக்கம் முழுக்க வெயிலில் இருக்கும். மாலையில் மேற்கு ஓரத்துக்கு மாறி, வடக்கே போகிற வண்டிகளை எடுக்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழுவது மாதத்தைப் பொறுத்தது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு நோக்கி வரும் லாரியின் கிரில் பளிச்சென்று தெரியும். வடக்கு நோக்கி வருவதன் முகம் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே இருப்பதால் இது அப்படியே தலைகீழ். இதைக் கணக்கில் கொள்ளாமல் போகிறவர்கள் கறுத்த முகங்களோடு திரும்புகிறார்கள்.

ஷட்டரை 1/500 நொடியில் வைத்தால் லாரி நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். 9.00-20 டயரின் சுற்றளவு சுமார் 3.2 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் 1/500 நொடியில் சக்கரம் இரண்டரை டிகிரிதான் திரும்பும், 1/60 நொடியில் சுமார் 20 டிகிரி. அதனால் 1/60 வைத்து, வண்டியோடு சேர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். பத்தில் இரண்டு கூர்மையாக வந்தால் நல்ல கணக்கு. காலை 10 மணிக்கு மேல் தாரிலிருந்து கானல் எழும்பும். எவ்வளவு விலையுயர்ந்த டெலி லென்ஸ் போட்டாலும் ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பாலுள்ள வண்டியின் நம்பர் பிளேட் நெளியும். அது லென்ஸின் குறையல்ல, காற்று.

ஒளிரும் சட்டை அணிவதும், தடுப்புக்கு வெளியே நிற்பதும், ஃபிளாஷ் அடிக்காமல் இருப்பதும் கட்டாயம். தொப்பூர் கணவாய் மாதிரியான நீண்ட இறக்கங்களில் நிற்கவே கூடாது. பிரேக் பிடிக்காமல் வருகிற வண்டிக்கு ஓரம், நடு என்று கிடையாது.

பட்டறை ஊர்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்கு முன்னால் டிங்கரிங், பட்டி, பெயின்டு, லைட், பிரேக் எல்லாம் பார்த்தாக வேண்டும். ஆகவே ஓட்டத்தில் எங்கே ஒளிந்திருந்தாலும் பழைய லாரி ஆண்டுக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒரு பட்டறைக்கு வந்தே தீரும். நெடுஞ்சாலையில் வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பதை இங்கே ஒரு காலை நடையில் பார்த்துவிடலாம்.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர்களும் அதிகம். திருச்செங்கோட்டின் தனிச்சிறப்பு ரிக் லாரி. போர்வெல் இயந்திரம் ஏற்றிய பழைய சேஸிகள் (லாரியின் அடிச்சட்டங்கள்) கம்ப்ரசர் வண்டியோடு ஜோடியாக நிற்கும். இரண்டையும் ஒரே சட்டகத்தில் எடுத்தால்தான் அந்தத் தொழில் புரியும்.

இங்கே சிக்கல் இடநெருக்கடி. இரண்டு ஆக்சில் லாரியை முக்கால் கோணத்தில் முழுசாக அடக்க, ஃபுல் ஃபிரேம் (36 x 24 எம்.எம். சென்சார்) கேமராவில் 85 எம்.எம். லென்ஸுக்கு சுமார் 20 மீட்டர் பின்வாங்க வேண்டும். பட்டறையில் அவ்வளவு இடம் இராது. 50 எம்.எம். என்றால் 12 மீட்டர் போதும். பெரும்பாலும் தெருவின் எதிர்ப்பக்கம் வரை கிடைத்துவிடும். அதற்கும் குறைவான தூரத்தில் வைட் லென்ஸால் எடுத்தால் பம்பர் ஊதிப் பெரிதாகி, பின்பாடி எலிவால் போல் சுருங்கும். முழு வண்டி வராத இடத்தில் முழு வண்டிக்கு ஆசைப்படாமல் கிரில், கதவெழுத்து, ஸ்டியரிங், மரக் கேபினின் மூட்டுகள் என்று பகுதிகளாக எடுப்பது நல்லது.

கேமராவின் உயரம் முக்கியம். கண் மட்டத்தில் நின்று எடுத்தால் லாரி சாதாரணமாகத் தெரியும். குந்தி உட்கார்ந்து ஹெட்லைட் உயரத்தில் பிடித்தால் அதன் கனம் தெரியும். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 200, நேரம் காலை 7 முதல் 8.30 வரை. அதற்குப் பிறகு பாடியின் மேல்விளிம்பு வெளுத்து, சேஸிக்குக் கீழே எல்லாம் கரியாகிவிடும். லீஃப் ஸ்பிரிங்கும் பிரொப்பெல்லர் ஷாஃப்டும் தெரியாத படம் வேலை வண்டியின் படமே அல்ல.

ஆண்டில் ஒரே நாள்தான் வாய்க்கும் என்றால் அது ஆயுத பூஜை. வெளியூர் போன வண்டிகள் பல ஊர் திரும்பிவிடும், கழுவி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஆனால் பூஜைக்குப் பிறகு போகக் கூடாது. வாழைக்கன்றும் மாலையும் கிரில்லை மறைத்துவிடும். கழுவி முடித்து, சந்தனம் வைப்பதற்கு முந்தைய அந்த இடைவெளியில் எடுத்துவிட வேண்டும். அதன்பின் அலங்காரத்தோடு இன்னொரு படம்.

முதலில் கேமராவை எடுக்காதீர்கள். "அண்ணே, இது எந்த வருச வண்டி? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் பானெட்டையே திறந்து காட்டுவார்கள். கேட்காமல் எடுத்தால் ஃபைனான்ஸ்காரரின் ஆளோ, ஆர்.டி.ஓ. ஆளோ என்ற சந்தேகம்தான் வரும்.

குவாரியும் உப்பளமும்

கரூர் மாவட்டத்தில் க.பரமத்தி, தென்னிலைப் பக்கம் கிரஷர்கள் (கல் உடைக்கும் ஆலைகள்) நிறைய. வேலை செய்யும் பழைய டிப்பரை அதன் முழு உக்கிரத்தோடு பார்க்கக் குவாரிதான் இடம். ஆனால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. வெடி வைக்கும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கல்தூசு லென்ஸின் எதிரி: உள்ளே இருக்கும்போது லென்ஸ் மாற்றக் கூடாது, படிந்த தூசைத் துணியால் துடைக்கவும் கூடாது. துடைத்தால் கீறும், முதலில் ஊதுபந்தால் ஊத வேண்டும்.

தூத்துக்குடி உப்பளங்களின் சாதகம் வேறு. தை, மாசியில் தொடங்கி மழைக்காலம் வரும்வரை உப்பு எடுப்பார்கள். அந்த நாட்களில் தரை முழுக்க வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் கீழிருந்து மேலே திரும்பி அடிக்கும். வேறெங்கும் கறுத்துப்போகிற சேஸியின் அடிப்பகுதி இங்கே தானாகத் துலங்கும். கேமரா வெள்ளையைக் கண்டு ஏமாந்து படத்தை இருட்டாக்கும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இரு மடங்காக) கூட்டி வையுங்கள். வீடு திரும்பியதும் கேமரா உடலையும் டிரைபாட் கால்களையும் லேசான ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துறைமுகத்துக்குள் படமெடுக்க முயல வேண்டாம், அது தடைசெய்யப்பட்ட பகுதி.

மரக்கிடங்கு

எங்கள் முதல் தேர்வு இதுதான். எர்ணாகுளம் மாவட்டத்தின் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். ரப்பர் மரமும் காட்டு மரமும் ஏற்றிய லாரிகள் அங்கே வந்துகொண்டே இருக்கும். புனலூர், ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கும் சாலையும் நல்ல இடம்.

மூக்கு வைத்த டாடா எஸ்.இ. வண்டிகள் மர வேலையில் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. என்ஜின் கேபினுக்கு முன்னால் இருப்பதால் தோட்டத்துப் பாதையில் எங்கே நின்றுபோனாலும் பானெட்டைத் தூக்கிப் பக்கத்தில் நின்றே வேலை பார்க்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கிடையாது; ஸ்பேனரும் டீசல் பம்ப் தெரிந்த மெக்கானிக்கும் போதும். இவற்றைப் பாதுகாத்து வைத்திருப்பது அருங்காட்சியகம் அல்ல, அந்த வேலை.

படமெடுப்பவருக்கு இதில் இன்னொரு லாபம்: மரம் ஏற்றி முடிக்க நேரம் ஆகும், வண்டி அதுவரை நகராது. காலி வண்டி, பாதி ஏற்றியது, கயிறு கட்டியது என்று மூன்று நிலைகளையும் ஒரே இடத்தில் எடுக்கலாம். கஷ்டம் வெளிச்சம்தான். மரநிழலில் வெயில் திட்டுத்திட்டாக விழுந்து கேபினைப் புள்ளிமான் ஆக்கிவிடும். மேகமூட்டமான நாளே சிறந்தது. ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/5.6, 1/125 அளவில் தொடங்கலாம். மழை பெய்து ஓய்ந்திருந்தால் போலரைசர் (பிரதிபலிப்பை வடிக்கும் ஃபில்டர்) மாட்டித் திருப்புங்கள். இலையிலும் பெயின்டிலும் உள்ள மினுமினுப்பு அடங்கி நிறம் வெளியே வரும். அடுக்கிய மரத்துக்குக் கீழ்ச்சரிவில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஒரு தடி உருண்டால் ஓட நேரம் இராது.

டாடாவா, லேலண்டா

எது சிறந்த வண்டி என்ற சண்டை டீக்கடையிலேயே இருக்கட்டும். படத்துக்கு எது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

டாடா (அன்று டெல்கோ) 1954இல் டைம்லர் பென்ஸோடு 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. 1969 வரை வண்டி முகத்தில் மூன்றுமுனை நட்சத்திரம், அதன்பின் 'டி' முத்திரை. ஆனால் முத்திரையை வைத்து வயது சொல்லாதீர்கள். ஆசைக்கு நட்சத்திரம் மாட்டிய பிற்கால வண்டிகள் உண்டு. பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி விவரம் கிடைத்துவிடும். எஸ்.இ. 1210/42 என்றால் எஸ்.இ. என்பது மூக்கு வைத்த கேபின், 12 டன் மொத்த எடை, சுமார் 100 குதிரைத்திறன், 4.2 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்). 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன்.

லேலண்டின் கதை எண்ணூரில் தொடங்குகிறது. 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டு ஆனது. 370, 400, 680 என்ற பழைய என்ஜின் எண்கள் கன அங்குலக் கணக்கு. 370 சுமார் 6 லிட்டர். ஹிப்போ, பீவர் போன்ற கனரக வண்டிகளில் வந்த 680 சுமார் 11 லிட்டர். ஒரு ஹிப்போ எங்கேனும் நிற்பதாகத் தகவல் வந்தால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் போகலாம். அவ்வளவு குறைந்துவிட்டன.

மூக்கு டாடாவை நேர்முகத்திலிருந்து 35 டிகிரி விலகி, கொஞ்சம் நீண்ட லென்ஸில் எடுத்தால் பானெட்டின் நீளம் சரியாக வரும். மூக்கில்லாத தட்டை முகத்துக்கு 45 டிகிரி வரை விலகலாம். அந்தக் கேபினைப் பட்டறைக்காரர் கட்டியிருப்பதால் பக்கவாட்டில்தான் அதன் கைவேலை தெரியும்.

பதிவு எண்ணும் வயது சொல்லும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பதிவான வண்டியில் டி.என். 28 (நாமக்கல்), டி.என். 34 (திருச்செங்கோடு), டி.என். 52 (சங்ககிரி) போன்ற அலுவலக எண் இராது. மூன்று எழுத்தும் அதிகபட்சம் நான்கு இலக்கமும்தான். அப்படி ஒரு பிளேட் இன்னும் ஓட்டத்தில் இருந்தால் அது அரிய வண்டி.

போனா, கேமராவா

நிற்கிற வண்டிக்குப் போன் தாராளமாகப் போதும், 2எக்ஸ் ஜூம் வைத்து 12 மீட்டர் தள்ளி நின்றால். ஓடுகிற வண்டிக்குப் போன் தோற்றுவிடும். அதன் அபெர்ச்சர் எஃப்/1.8 அளவில் நிலையாக இருப்பதால், நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 50 வைத்தாலும் ஷட்டர் 1/4000 பக்கம் போகும். 1/60க்கு இறக்க என்.டி. 64 ஃபில்டர் (ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைப்பது) மாட்ட வேண்டும். கேமராவில் எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து ஒரு போலரைசர் மாட்டினாலே அங்கே வந்துவிடும்.

எடுத்த அன்றே குறிப்பு எழுதுங்கள்: இடம், தேதி, மாடல், வீல்பேஸ், டயர் அளவு, என்ஜின் மாற்றியதா என்பது, பாடி கட்டிய ஊர். வெளியிடும்போது நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டு, மூலப் படத்தை அப்படியே வைத்திருங்கள். 8க்கு 12 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டு டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த பழைய வண்டி எந்தக் கொட்டகையில் நிற்கிறது என்ற தகவல் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வரும்.