கழிவுநீர் பம்ப் என்று சொல்லி மட் பம்பைத் தலையில் கட்டுகிறார்கள்: காயிலைப் பிரிக்கும் முன் பாருங்கள்

சென்னைப் புறநகர்க் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர் சம்புக்கு 3 எச்பி, த்ரீ பேஸ் சப்மெர்சிபிள் பம்ப் வாங்கியதில் நடந்த ஏமாற்று இது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்யும் கடைகள் ஊருக்கு ஊர் இருப்பதால், என்ன செய்தார்கள், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள், லாட்ஜ், கல்யாண மண்டபம் நடத்துபவர்கள் கட்டாயம் படிக்கவும்.

கேட்டது கழிவுநீர் பம்ப். பில்லிலும் 'சீவேஜ் பம்ப்' என்றே எழுதியிருந்தது. வந்து இறங்கியதோ கட்டுமான இடங்களில் அஸ்திவாரக் குழித் தண்ணீரை இறைக்கும் மட் பம்ப். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். மட் பம்பின் அடியில் சல்லடைக் கூடை இருக்கும். அதன் ஓட்டைகளில் சுண்டுவிரல் நுழைவதே கஷ்டம். சகதியும் மணலும் கலந்த தண்ணீருக்கு அது போதும், அதற்கென்றே செய்தது. கழிவுநீர் பம்பில் சல்லடையே கிடையாது. அடிவாய் திறந்திருக்கும், உள்ளே தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லர் கண்ணுக்குத் தெரியும். நேம்பிளேட்டிலோ கேட்லாக்கிலோ எத்தனை மில்லிமீட்டர் திடப்பொருள் உள்ளே போய் வெளியே வரும் என்று போட்டிருக்கும். இந்த அளவு பம்புக்கு 35 முதல் 50 மி.மீ. வரை எதிர்பார்க்கலாம். அந்த எண்ணே போடாத பம்பைக் கழிவுநீருக்கு வாங்காதீர்கள்.

குடியிருப்புச் சம்பில் வருவது மலமும் தண்ணீரும் மட்டும் என்றால் கவலையில்லை. நாப்கின், வெட் வைப்ஸ், மாப் நூல், தலைமுடி, சமையல் எண்ணெய்க் கட்டி எல்லாம் வரும். சல்லடையில் நாலு வெட் வைப்ஸ் ஒட்டினாலே பாதி வாய் மூடிவிடும். இந்த வேலைக்குச் சரியானது வார்ட்டெக்ஸ் இம்பெல்லர், இல்லாவிட்டால் சிக்குவதை வெட்டித் தள்ளும் கட்டர் பம்ப். வார்ட்டெக்ஸில் இம்பெல்லர் மேலே ஒதுங்கி நின்று சுழலை மட்டும் உண்டாக்கும். துணி அதில் சிக்காமல் கூடவே சுற்றி வெளியேறிவிடும். கொஞ்சம் கரண்ட் கூடுதலாகக் குடிக்கும், அதற்காக வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இப்போது ஏமாற்றின் முக்கியமான பகுதிக்கு வருவோம். பம்ப் சீக்கிரமே எரிந்தது. கடையில் சொன்ன பதில்: "வோல்டேஜ் பிரச்சினை சார், உங்க லைன்ல ஒரு பேஸ் போயிருக்கு. வாரன்டில வராது. காயில் கட்டித் தர்றோம், காசு கட்டுங்க."

இந்தப் பதில் பொய் என்பதை, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான அந்த எரிந்த காயிலே காட்டிக்கொடுத்தது. ஒரு பேஸ் போய் மோட்டார் ஓடி எரிந்தால் அதற்கென்று ஒரு முத்திரை உண்டு. மூன்று பேஸ் காயில்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது புதிதுபோல இருக்கும். டெல்டா இணைப்பில் தலைகீழ்: ஒன்று கருகும், இரண்டு பிழைக்கும். இந்த மோட்டாரில் மூன்று பேஸும் சுற்றிலும் ஒரே மாதிரிப் பழுப்பேறி வார்னிஷ் பொரிந்து போயிருந்தது. மோட்டார் மொத்தமாகச் சூடேறி வெந்ததற்கான அடையாளம் அது.

ஏன் வெந்தது? மட் பம்புகள் பலவற்றில் தண்ணீர் மோட்டாரின் வெளிச்சுவரைச் சுற்றி ஏறித்தான் மேலே போகும். அந்த ஓட்டம்தான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. குழியில் மட்டம் இறங்கி மோட்டார் வெளியே தெரிந்தாலும் ஓடட்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். சல்லடை அடைத்ததும் ஓட்டம் குறைகிறது, குளிர்ச்சியும் போகிறது. சம்ப் காலியாக நேரம் இழுப்பதால், பாதி மோட்டார் வெளியே தெரிந்தபடி மணிக்கணக்கில் ஓடுகிறது.

இங்கேதான் எல்லோரும் கேட்கிற கேள்வி: ஆம்பியர் ஏறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ஏன் ட்ரிப் ஆகவில்லை? இந்த ரகப் பம்பில் தண்ணீர் குறைந்தால் ஆம்பியரும் குறையும். 3 எச்பி, 415 வோல்ட் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 5 ஆம்பியர் எடுக்கும். வாய் அடைத்து ஓடும்போது அதைவிடக் குறைவாகத்தான் ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரில் காட்டும். ரிலே பார்ப்பது ஆம்பியரை மட்டும்தான், சூட்டை அல்ல. இம்பெல்லரே துணி சிக்கி இறுகினால்தான் ஆம்பியர் ஏறி ட்ரிப் ஆகும். சூட்டுக்குக் காவல் காயிலுக்குள் பதித்திருக்கும் தெர்மோஸ்டாட். நல்ல கழிவுநீர் பம்பின் கேபிளில் மின்சாரத்துக்கான ஒயர்கள் போக குறைந்தது இரண்டு மெல்லிய ஒயர்கள் கூடுதலாக வரும். அதை பேனலில், மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டரின் காயில் வழியில் தொடராகக் கோக்க வேண்டும். இந்தப் பம்பில் அது கிடையவே கிடையாது. இருக்கிற பம்புகளிலும் பல பிட்டர்கள் அந்த ஒயர்களை வெட்டி டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். உங்கள் பேனலைத் திறந்து பாருங்கள், பாதிப் பேருக்கு அதிர்ச்சி காத்திருக்கும்.

பம்ப் தள்ளும் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. சம்பின் நீள அகலம் தெரிந்தால் போதும். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் சம்பில் 10 செ.மீ. இறங்கினால் 300 லிட்டர். உள்ளே வரும் தண்ணீர் குறைந்திருக்கும் நடுப்பகலில், 30 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இந்தச் சம்பில் சல்லடை சுத்தமாக இருந்தபோது 900 லிட்டர் சுமார் இரண்டரை நிமிடத்தில் போனது. அடைத்தபோது ஐந்து நிமிடம். மாதம் ஒருமுறை இந்தக் கணக்கை வாட்ச்மேன் நோட்டில் எழுதி வைத்தால் பம்ப் எரியும் முன்பே தெரிந்துவிடும்.

இன்னொரு ஏமாற்று நேம்பிளேட்டில். 'ஹெட் 22 மீட்டர், டிஸ்சார்ஜ் நிமிடத்துக்கு 600 லிட்டர்' என்று போட்டிருந்தது. ஹெட் என்பது தண்ணீரைத் தள்ளும் உயரம், டிஸ்சார்ஜ் என்பது கொட்டும் அளவு. கடைக்காரர் இரண்டையும் சேர்த்துச் சொல்லி விற்றார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. 22 மீட்டரில் தண்ணீர் சொட்டும் வராது, அது பம்ப் தள்ளக்கூடிய உச்சம். 600 லிட்டர் என்பது ஏறக்குறைய உயரமே இல்லாமல் கொட்டும்போது வருவது. நமக்கு வேண்டியது நம் உயரத்தில் எவ்வளவு என்பது. சம்பின் அடிமட்டத்திலிருந்து பைப் கொட்டும் வாய் வரை உள்ள செங்குத்து உயரம், அதோடு பைப், பெண்டு, என்ஆர்வி (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) உராய்வு, இரண்டையும் கூட்டினால் இங்கே சுமார் 12 மீட்டர். ஆர்டரில் "12 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 350 லிட்டர்" என்று இரண்டு எண்ணையும் ஒரே வரியில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

சுழலும் திசையையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். பேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றினாலும் பம்ப் தண்ணீர் தள்ளும், ஆனால் வெகுவாகக் குறைத்து. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. செயினில் தொங்கவிட்டு ஒரு நொடி ஸ்டார்ட் செய்தால் பம்ப் உடல், அதன்மேல் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் உதறும். அம்பு காட்டும் பக்கமே உதறினால் இரண்டு பேஸை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

காயில் கட்டிய கதை தனி. 'முழுச் செம்பு' என்று காசு வாங்கிவிட்டு அலுமினியத்தில் கட்டியிருந்தார்கள். ஓட்டிக் காட்டி, "பாருங்க, நோ லோடு ஆம்பியர் கரெக்டா இருக்கு" என்றார்கள். சுமையில்லாமல் ஓடும்போது எடுக்கும் இந்த நோ லோடு ஆம்பியரை வைத்து செம்பா அலுமினியமா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அது சுற்றுகளின் எண்ணிக்கையையும் வோல்டேஜையும் பொறுத்தது. சுற்றைக் குறைத்துக் கட்டினால்தான் அது ஏறும். கம்பியின் உலோகத்தைக் காட்டுவது ரெசிஸ்டன்ஸ் (மின்தடை). ஒரே கேஜில் (கம்பித் தடிமனில்) அலுமினியத்தின் ரெசிஸ்டன்ஸ் செம்பைப்போல 1.6 மடங்கு. லோடு ஏறியதும் அவ்வளவும் சூடாக மாறும். எடையில் செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். எனவே எரிந்த காயிலைப் பிரித்து எடுத்ததும் உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். புதுக் காயிலுக்கான கம்பியையும் எடை போடுங்கள். முனையில் எனாமலைப் பிளேடால் சுரண்டினால் மேலே செம்பு நிறம் தெரியும், அதோடு நின்றுவிடாதீர்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் சந்தையில் இருக்கிறது. கம்பியை வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். எரிந்த பழைய செம்புக்கும் காசு உண்டு. அதைக் கழித்தார்களா என்று பில்லில் பாருங்கள்.

கட்டி முடிந்ததும் இரண்டு அளவு எடுக்க வேண்டும். மூன்று லைன்களுக்கு இடையிலான ரெசிஸ்டன்ஸ் மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் பாடிக்கும் இடையே பார்த்தால் புதுக் காயிலுக்கு பல பத்து மெகா ஓம் வர வேண்டும். ஒன்று இரண்டு காட்டினால் வார்னிஷ் காயவில்லை, இல்லை ஈரம் உள்ளே இருக்கிறது. பேனலிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் போட வேண்டும். கேபிளில் சம்புக்குள் ஜாயின்ட் போட்டு டேப் சுற்றினால் வாங்காதீர்கள். ஈரம் அந்த வழியாகவே கேபிளுக்குள் ஊர்ந்து மோட்டார் வரை போகும்.

சீல் விஷயமும் பார்க்க வேண்டும். கழிவுநீர் பம்பில் ஆயில் அறைக்குள், ஷாஃப்ட் வழியாக மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்க இரண்டு மெக்கானிக்கல் சீல்கள். தண்ணீர்ப் பக்கச் சீலில் இரண்டு முகமும் சிலிக்கான் கார்பைடு. அதற்குப் பதில் மலிவான கார்பன் சீலைப் போட்டுப் பில்லில் சிலிக்கான் என்று எழுதுவார்கள். சீல் முகத்தை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கார்பன் பென்சில் கோடு போடும், சிலிக்கான் கார்பைடு போடாது. மணல் வரும் இடத்தில் கார்பன் முகம் சீக்கிரம் கோடு விழுந்து தண்ணீர் விடும். ஆயில் பிளக்கைத் திறந்து வடித்தால் பால் நிறத்தில் வந்தால் கீழ்ச் சீல் போய்விட்டது. அப்போதே மாற்றினால் காயில் பிழைக்கும்.

ஒரு விஷயத்தில் சமரசமே வேண்டாம். பம்பை எடுக்கக் கடை ஆள் உதவியாளரை சம்புக்குள் இறக்கப் பார்த்தார், தடுத்து நிறுத்தினோம். செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழிகளுக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சுத்தம் செய்யத்தான் என்றில்லை, ரிப்பேருக்கும் ஆபத்து அதேதான். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துவிடும், வாடை இல்லை என்று இறங்கியவர் மேலே வருவதில்லை. பம்பை கைடு ரெயிலும் செயினும் வைத்து மேலே இருந்தே தூக்கும்படி பொருத்தித் தரச் சொல்லுங்கள். அது இல்லாத கொட்டேஷன் மலிவாகத்தான் இருக்கும்.

எம்-சாண்ட் கழுவும் ஆலைக்காரர்களுக்கும் இதே வகை மோசடி வேறு வடிவில் வருகிறது. மணல் குழம்பை இறைக்கும் ஸ்லரி பம்புக்கு ஹை குரோம் இம்பெல்லர் என்று சொல்லிச் சாதா வார்ப்பிரும்பைப் பெயின்ட் அடித்துத் தருகிறார்கள். காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டிலும் ஒட்டும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு நல்ல அரத்தால் ஓரத்தில் தேயுங்கள். ஹை குரோமில் அரம் வழுக்கும், வார்ப்பிரும்பில் கடிக்கும். மோட்டாரைத் தண்ணீர்க் கணக்கில் கொடுப்பது இன்னொன்று. எடையில் 37 சதவீதம் மணல் கலந்த குழம்பின் அடர்த்தி தண்ணீரைப்போல சுமார் 1.3 மடங்கு, அதே அளவு தள்ள மோட்டாருக்கும் குறைந்தது 1.3 மடங்கு சக்தி வேண்டும்.

வீட்டு மோட்டார்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. சிங்கிள் பேஸ் மோட்டார் 'உம்' என்று முனகி ஓடவில்லை என்றதும் "காயில் போச்சு" என்பார்கள். மெயினை நிறுத்தி ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் முதலில் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். கழற்றும் முன் அதன் இரு முனைகளையும் இன்சுலேஷன் உள்ள ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். சில நூறு ரூபாயில் தீர வேண்டியது ஆயிரக்கணக்கில் போகிறது.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் காயிலைப் பிரிக்கும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேஸும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். நேம்பிளேட், சீரியல் நம்பர், சல்லடை, கேபிள் முனையில் எத்தனை ஒயர் என்பதும் படத்தில் இருக்கட்டும். பிரித்துப் போட்டுவிட்டால் சாட்சி அங்கேயே போச்சு, பிறகு வோல்டேஜ் கதைதான் நிற்கும். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழே உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்துப் பாருங்கள், உரிமம் வேறு பொருளுக்கானதாகக்கூட இருக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லில் பம்பின் பெயர் 'சீவேஜ்' என்று எழுதியிருப்பதுதான் இந்த வழக்கில் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். 'மோட்டார் 1' என்று மொட்டையாக எழுதிய பில்லை வாங்கியிருந்தால், கடைக்காரரிடம் மாடல், சீரியல் நம்பரோடு இன்றைக்கே திருத்தி வாங்கிவிடுங்கள்.