பேக்ஸ்ட்ரீட் பாய்ஸா என்சிங்கா?

ரெண்டுமே அமெரிக்காவுல ஆர்லாண்டோ ஊர்ல உருவான அஞ்சு பசங்க பாட்டு குரூப், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் 1993, என்சிங்க் 1995. ரெண்டுக்கும் பணம் போட்டு மேனேஜ் பண்ணவரும் ஒரே ஆளு, லூ பேர்ல்மேன். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்ல ஆறாவது மெம்பர்னு சொல்லி தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கிட்டாரு அந்த மனுஷன், சின்ன பசங்க உழைப்ப இப்படியா சுரண்டுறது! ரெண்டு குரூப்பும் கோர்ட்டுக்கு போய்தான் வெளிய வந்தாங்க. அவருக்கு 2008ல வேற மோசடி கேஸ்ல 25 வருஷம் ஜெயில்.

உச்சம்னு பாத்தா என்சிங்க்தான். 2000 மார்ச்ல வந்த ஆல்பம் அமெரிக்காவுல முதல் வாரமே 24 லட்சம் காப்பி போச்சு, 2015ல பாடகி அடெல் வந்துதான் அத முறியடிச்சாங்க, பேக்ஸ்ட்ரீட் பாய்ஸுக்கு 1999ல 11 லட்சம் சொச்சம், அதுவே அப்ப ரெக்கார்டு. ஆனா 2002ல பிரேக்னு சொன்ன என்சிங்க், ஜஸ்டின் டிம்பர்லேக் சோலோவா போனதோட அப்படியே நின்னுடுச்சு.

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் விடல. கெவின் 2006ல போனாரு, மிச்ச நாலு பேரும் கூட்டம் கொறஞ்சாலும் பாடிக்கிட்டே இருந்தாங்க, 2012ல அவரும் திரும்பிட்டாரு, 2019ல அவங்க ஆல்பம் அமெரிக்க ஆல்பம் வரிசையான பில்போர்டுல மறுபடி நம்பர் ஒன். என் ஓட்டு இவங்களுக்குத்தான். என்சிங்க் அஞ்சு பேரும் சேர்ந்து புதுப்பாட்டு விட 2023 ஆச்சு.