கோல் கம்பத்தடி மொட்டைக்கு எது சரி: புல் விரிப்பா, அறுகங்கொடியா, விதையா?

கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில் உள்ள எங்கள் உதைபந்தாட்டக் கழக மைதானத்தில், ஆவணி பிறக்கும்போது இரண்டு கோல் கம்பத்தடியும் வெறும் செம்மண்ணாகிவிடும். கோல் காவலர் நின்று நின்று தேய்த்த இடம். அதை ஒட்டுவதற்கு மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். முன்பு கொழும்பில் கோல்ஃப் திடலொன்றில் புல் வெட்டியவன் என்பதால், அங்கே கற்றது இங்கே எடுபடும் என்ற நினைப்பும் இருந்தது.

முதலில் விதை. கோல்ஃப் திடலில் மட்டையடிக்குப் பெயர்ந்த குழியை மணலும் விதையும் கலந்து நிரப்பிவிடுவது வழக்கம். அங்கே நாள்தோறும் தண்ணீர் தெளிக்க ஆள் உண்டு. அறுகு விதையோ பொடி போன்றது. ஒரு கிலோவில் 30 இலட்சத்துக்கும் மேல் இருக்கும். அரைச் சென்ரிமீற்றருக்குக் கீழே புதைந்தால் முளைப்பது அரிது. மேலே கிடந்தால் எறும்பு இழுத்துப் போகும். நான் விதைத்த மூன்றாம் நாள் பெய்த மழை, எல்லாவற்றையும் கொண்டுபோய் மூலைக்கொடிக் கம்பத்தடியில் சேர்த்தது. இன்றும் மைதானத்தில் நல்ல புல் உள்ள இடம் அதுதான்.

அடுத்தது விரிப்பு. காசு கொடுத்தால் அன்றே பச்சை. திறப்பு விழாவுக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் வெட்டி அடுக்கிய புல் உள்ளுக்குள்ளேயே சூடேறும். தெற்கிலிருந்து லொறியில் எங்களுக்கு வந்த கட்டுகளுக்குள் கையை விட்டபோது சோற்றுப்பானை போல் கொதித்தது. பாதி மஞ்சள். விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மிஞ்சியதை விரித்தோம். அது களிமண்ணோடு வந்த புல். எங்கள் மண்ணின் மேல் அது தனித் தட்டாக நின்றதால் வேர் கீழே இறங்கவில்லை. நாலாம் நாள் இரவு கட்டாக்காலி மாடுகள் புகுந்து, பாயைச் சுருட்டுவதுபோல் முழுத் துண்டாக இழுத்துப்போட்டன. இதில் அகன்ற இலைப் புல்லை வாங்கினால் இன்னும் மோசம். நிழலுக்கும் ஈரத்துக்கும் அது நல்லதுதான், சோளகக் காற்றுக்குத் தாங்காது.

எஞ்சியது கொடி. அறுகைக் கிளறி, இரண்டு மூன்று கணு வரும்படி விரல் நீளத்துக்குப் பிய்க்க வேண்டும். ஒரு சாண் இடைவெளியில் கீறிய சாலில், நுனி மட்டும் வெளியே தெரிய வைத்து மிதித்துவிட வேண்டும். மாடு மேய்ந்தாலும் நுனிதான் போகும், கணு மண்ணுக்குள் இருக்கும். ஐப்பசி முதல் மழையோடு நட்டால் தைக்குள் மூடிவிடுகிறது. மாரியில் எப்படியும் ஆட்டம் இல்லை. இதை ஏழையின் வழி என்று நினைக்க வேண்டாம். கோல்ஃப் திடல்களில் வளர்க்கும் 'டிஃப்வே' போன்ற கலப்பின அறுகுகள் முளைக்கும் விதை தருவதில்லை. அவற்றையும் துண்டு நட்டோ விரிப்பாகவோதான் வளர்க்கிறார்கள்.

கொடியில் ஓர் ஆபத்து கோரை. வாய்க்கால் வரம்பில் பிடுங்கினால் கடலைப் பருமனில் அதன் கிழங்கும் கூடவே வரும். ஒன்று தப்பினால் போதும், அடுத்த வருடம் பந்தைவிடக் கோரையைத்தான் துரத்த வேண்டியிருக்கும். நான் ஒரு வாளித் தண்ணீரில் அலசி, மண் உதிர்ந்த பிறகே நடுகிறேன்.

ஆகவே பரந்த இடத்துக்குக் கொடி. கம்பத்தடிக்கு மட்டும் விரிப்பு, அதுவும் நம் மண்ணிலேயே வளர்ந்த விரிப்பு. கோல்ஃப் திடல்களில் ஒட்டுப்போடுவதற்கென்றே ஒரு மூலையில் புல் நாற்றுமேடை வைத்திருப்பார்கள். கழகக் கிணற்றடியில், குளிக்கும் தண்ணீர் ஓடுகிற பக்கம், ஒரு கட்டில் அளவுக்கு நானும் போட்டிருக்கிறேன். இந்த ஐப்பசியில் அதிலிருந்துதான் வெட்டப்போகிறேன். அதற்கு முன் உடைமுள் வெட்டி வேலியை அடைக்க வேண்டும். நேற்றும் ஒரு பசு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.